பிள்ளை கற்றுத்தரும் சதுரங்கம்

எங்கள் வீடுகளுக்குள் சதுரங்கப் பலகை எப்படி வந்தது என்று கேட்டுப் பார்த்தால், பெரும்பாலும் அது பிள்ளையின் புத்தகப்பையோடுதான் வந்திருக்கும். பாடசாலையில் ஆர்வமுள்ள ஓர் ஆசிரியர் தொடக்கி வைத்திருப்பார். சனசமூக நிலையத்தில் யாரோ ஓர் அண்ணா பழக்கியிருப்பார். அல்லது கொவிட் காலத்தில் பாடசாலைகள் பூட்டியிருந்தபோது, ஒன்லைன் வகுப்புக்கென்று கடன்பட்டு வாங்கிக் கொடுத்த போனில் பிள்ளை தானாகவே பழகியிருக்கும். பிறகு ஒருநாள், விளையாட ஆள் இல்லாமல், தாயையோ தகப்பனையோ கூப்பிடும்.

"எனக்கு உதெல்லாம் விளங்காது மகன்" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போகிறவர்கள் அநேகம். சிலர் மட்டும் பிள்ளைக்கு முன்னால் இருந்துவிடுகிறார்கள். அப்படி இருந்தவர்களில் சிலருக்கு, பிள்ளையைவிட அதிகமாக அந்த விளையாட்டில் ஆசை பிடித்துவிடுகிறது.

பிள்ளையின் வழியாகச் சதுரங்கத்துக்கு வரும் பெற்றோருக்கு என்ன நடக்கிறது? வளர்ந்த ஒருவரை அந்தப் பலகை ஏன் பிடித்து வைக்கிறது? போருக்குள்ளால் வந்த எங்கள் குடும்பங்களுக்கு அதில் என்ன இருக்கிறது, என்ன இல்லை? இவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

திசை மாறிய படிப்பு

வழக்கமாகப் பெரியவர் சொல்லிக்கொடுப்பார், பிள்ளை படிக்கும். ஐந்து தடவை உலகச் சம்பியனான விஸ்வநாதன் ஆனந்துக்கு ஆறு வயதில் சதுரங்கம் பழக்கியவர் அவருடைய தாயார் சுசீலா. எங்கள் வீடுகளிலும் அப்படித்தான். அப்பா சைக்கிள் பழக்குவார், அம்மா கைபிடித்து எழுத்துப் பழக்குவார்.

சதுரங்கத்தில் மட்டும் எங்கள் பல வீடுகளில் இந்தத் திசை மாறியிருப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு வெளியேறியபோது எட்டு வயதாக இருந்த பிள்ளைகள் இன்று தாய் தகப்பன்மார். 2009இல் செட்டிக்குளம் முகாம்களுக்குள் வந்து சேர்ந்த சிறுவர்களில் பலரும் இன்று கைக்குழந்தைகளோடு இருக்கிறார்கள். ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர்கள், மரத்தடி வகுப்பில் இருந்தவர்கள், ஓர் ஆண்டுக்குள் மூன்று பாடசாலை மாறியவர்கள் இவர்கள். தாயமும் கரமும் இவர்களுக்குத் தெரியும். முந்நூற்றிநாலு என்ற கடதாசி ஆட்டத்தை இவர்கள் பெரியவர்களுக்குப் பின்னால் நின்று பார்த்துப் பழகியிருப்பார்கள். ஆனால் ஒரு புதிய விளையாட்டை ஒழுங்காக ஒருவர் முன்னால் இருந்து கற்றுக்கொள்ளும் வாய்ப்பு இவர்களில் பலருக்குக் கிடைக்கவில்லை.

இவர்கள் சின்ன வயதில் எவ்வளவோ கற்றுக்கொண்டார்கள். செல் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று சத்தத்தை வைத்துச் சொல்லத் தெரியும். பங்கருக்கு எவ்வளவு ஆழம் வெட்ட வேண்டும் என்று தெரியும். ஒரு பயனையும் எதிர்பார்க்காமல், பிடித்திருக்கிறது என்பதற்காக மட்டும் ஒன்றைக் கற்பதுதான் தவறிப்போனது. பிள்ளை பலகையை விரித்து, "அப்பா, இது குதிரை, இப்பிடித்தான் பாயும்" என்று சொல்லும்போது, அந்தத் தவறிப்போன இடத்தில்தான் ஒரு கதவு திறக்கிறது.

இரண்டு தகப்பன்மாரின் கதை

இப்படிப் பிள்ளையின் பின்னால் சதுரங்கத்துக்குப் போன இரண்டு தகப்பன்மார் தங்கள் அனுபவத்தைப் புத்தகமாகவே எழுதியிருக்கிறார்கள். இருவரும் அமெரிக்காவின் நியூயோர்க்கில் வாழ்ந்தவர்கள். எங்கள் சூழலுக்கும் அவர்கள் சூழலுக்கும் தூரம் அதிகம். ஆனால் வீட்டுக்குள் நடந்தது எங்களுக்கும் விளங்கக்கூடியதுதான்.

ஒருவர் ரொம் வாண்டர்பில்ட் என்ற பத்திரிகையாளர். நான்கு வயதை நெருங்கிக்கொண்டிருந்த அவருடைய மகள் ஒரு நூலகத்தில் சதுரங்கப் பலகையைக் கண்டு, இதை விளையாடுவோமா என்று கேட்டாள். அவருக்கு ஒழுங்காக விளையாடத் தெரியாது. மகளுக்குச் சொல்லிக்கொடுப்பதற்காகத் தான் படிக்கத் தொடங்கி, பிறகு ஒரு பயிற்றுநரை வைத்து இருவரும் ஒன்றாகவே படித்தார்கள். தொடக்கத்தில் அவர் வென்றார். போகப் போக மகள் அவரை முந்திவிட்டாள். பிள்ளைகளை வகுப்புக்கும் போட்டிக்கும் கூட்டிவந்த பெற்றோர் வெளியே போனைப் பார்த்துக்கொண்டிருப்பதை அவர் கவனித்தார். கற்பது பிள்ளைகளின் வேலை, காத்திருப்பது எங்களுடைய வேலை என்று பெரியவர்கள் ஏன் முடிவுசெய்துவிட்டார்கள் என்ற கேள்வி அவருக்குள் எழுந்தது. அந்தக் கேள்வியிலிருந்து, வளர்ந்தபின் புதிதாகக் கற்பதைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் 2021இல் வெளிவந்தது.

மற்றவர் ஃபிரெட் வெயிட்ஸ்கின். 1972இல் ஐஸ்லாந்தில் பொபி ஃபிஷரும் பொரிஸ் ஸ்பாஸ்கியும் மோதிய உலகச் சம்பியன் பட்டப் போட்டியைப் பார்த்துச் சதுரங்கத்தில் மயங்கியவர். தனக்கு அது வராது என்று கண்டு விட்டுவிட்டார். பல வருடங்களுக்குப் பிறகு, அவருடைய ஆறு வயது மகன் ஜொஷ், பூங்காவொன்றில் பெரியவர்கள் சதுரங்கம் விளையாடுவதைக் கண்டு அதில் ஒட்டிக்கொண்டான். கைவிட்ட ஆசை மகன் வழியாகத் தகப்பனிடம் திரும்பி வந்தது. மகன் சிறுவர் தேசியச் சம்பியனாகும் வரை போனான். ஆனால் 1988இல் வெளிவந்த அவருடைய புத்தகத்தின் பெரும் பகுதி வெற்றியைப் பற்றியதல்ல. மகன் தோற்கும்போது தனக்குள் எழும் கோபத்தை, மகனின் வெற்றியைத் தன் வெற்றியாக எண்ணத் தொடங்கிய ஆபத்தை அவர் ஒளிக்காமல் எழுதினார். 1993இல் அது திரைப்படமாகவும் வந்தது.

முதலாமவர் மகளோடு சேர்ந்து படித்தார். இரண்டாமவர் மகனுக்குப் பின்னால் நின்று பார்த்தார். இரண்டும் அன்புதான். ஆனாலும் பெற்றோர் எந்த இடத்தில் இருக்கிறார் என்பதைப் பொறுத்துப் பிள்ளையின் தோளில் ஏறும் பாரம் மாறுகிறது.

பிள்ளை ஏன் முந்துகிறது?

பத்து வயதுப் பிள்ளை நாற்பது வயதுத் தகப்பனை மூன்று மாதத்தில் வெல்லத் தொடங்கும்போது, தனக்கு மூளை போதாது என்று தகப்பன் நினைத்துவிடுகிறார். ஆராய்ச்சி அப்படிச் சொல்லவில்லை.

1973இல் வில்லியம் சேஸ், ஹேர்பேர்ட் சைமன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், ஒரு விளையாட்டின் நடுவில் எடுத்த காய் நிலையைச் சில வினாடிகள் மட்டும் காட்டிவிட்டு, நினைவிலிருந்து அதைத் திரும்ப அடுக்கச் சொன்னார்கள். தேர்ந்த ஆட்டக்காரர்கள் பெரும்பாலான காய்களைச் சரியாக அடுக்கினார்கள். புதியவர்களால் சில காய்களைத்தான் வைக்க முடிந்தது. பிறகு காய்களை எந்த ஒழுங்கும் இல்லாமல் சிதறி வைத்துக் காட்டினார்கள். அப்போது தேர்ந்தவர்களும் ஏறக்குறையப் புதியவர்களைப் போலவே தடுமாறினார்கள். அவர்களிடம் இருந்தது பெரிய ஞாபகசக்தி அல்ல. நிறைய விளையாடியதால் கண்ணுக்குப் பழகிய கோலங்கள்.

1978இல் மிஷலின் சீ என்ற ஆய்வாளர் இன்னொரு படி போனார். சதுரங்கம் நன்றாகத் தெரிந்த, பத்து வயதளவான பிள்ளைகளையும், அவ்வளவாகத் தெரியாத பெரியவர்களையும் ஒப்பிட்டார். இலக்கங்களை நினைவில் வைத்துச் சொல்வதில் பெரியவர்கள் முன்னால் நின்றார்கள். பலகையை நினைவில் வைப்பதில் பிள்ளைகள் அவர்களை முந்தினார்கள்.

ஆகவே பிள்ளை வெல்வது, அது கூடுதலாக விளையாடியிருப்பதால். தோற்பதற்கு வெட்கப்படாததும் ஒரு காரணம். ஒருநாளில் இருபது தரம் தோற்றுவிட்டு இருபத்தோராவது தரத்துக்குக் காய் அடுக்கும் பிள்ளை, இரண்டு தரம் தோற்றதும் தேத்தண்ணி போட எழும்பும் பெரியவரைவிட வேகமாகப் படிக்கிறது. பெரியவருக்கும் ஒரு பலம் உண்டு. ஏன் தோற்றோம் என்று நின்று யோசிக்க அவருக்குப் பொறுமை இருக்கிறது. பிள்ளை கையால் விளையாடும், பெரியவர் கேள்வியால் படிப்பார். இரண்டும் ஒரே பலகையில் சந்திப்பது இருவருக்கும் நல்லது.

பெரியவரைப் பிடித்து வைப்பது எது?

தொடக்கத்தில் எல்லாப் பெற்றோரும் ஒரே கிடங்கில்தான் விழுகிறார்கள்: நான்கு நகர்த்தலில் செக்மேட். அரசனுக்குப் பக்கத்து மந்திரிக்கு முன்னால் நிற்கும் காலாளைப் பாருங்கள். ஆட்டத் தொடக்கத்தில் அந்தக் காலாளுக்கு அரசனைத் தவிர வேறு காவல் இல்லை. பிள்ளை தன் மந்திரியையும் அரசியையும் வெளியே எடுத்து, இரண்டையும் அந்தக் கட்டத்துக்குக் குறிவைக்கும். நீங்கள் கவனிக்காமல் குதிரை ஒன்றை நகர்த்துவீர்கள். அரசி வந்து அந்தக் காலாளை வெட்டும். அரசிக்குப் பின்னால் மந்திரி காவல் நிற்பதால் அரசனால் அரசியை வெட்டவும் முடியாது, ஓடவும் முடியாது. ஆட்டம் முடிந்தது. பிள்ளை சிரிக்கும்.

இரண்டாம் நாள் நீங்கள் காரணத்தைக் கண்டுபிடிப்பீர்கள். எதிரியின் அரசி வெளியே வந்ததும் உங்கள் அரசியை அரசனுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினால், அந்தக் காலாளுக்கு இரண்டாவது காவல் கிடைத்துவிடும். அதற்குப் பிறகு, அவசரப்பட்டு வெளியே வந்த பிள்ளையின் அரசியை உங்கள் குதிரைகள் துரத்தத் தொடங்கும். அந்த நிமிடம்தான் பலருக்கு ஆசை பிடிக்கும் நிமிடம். நேற்று விபத்துப்போலத் தெரிந்தது, இன்று காரணத்தோடு விளங்குகிறது.

அடுத்த வியப்பு, "ஸ்டேல்மேட்". பிள்ளையிடம் தனி அரசன் மட்டும் மிஞ்சியிருக்கும். உங்களிடம் அரசி இருக்கும். வென்றாயிற்று என்று நினைத்து அரசியை நெருக்கி வைப்பீர்கள். பிள்ளையின் அரசனுக்குச் செக் இல்லை, ஆனால் போவதற்கு ஒரு கட்டமும் இல்லை. சட்டப்படி அது சமநிலை. எல்லாம் இழந்தவர் தப்பிவிட்டார். "உதென்ன நியாயம்?" என்று கேட்காத பெற்றோர் இல்லை.

பிறகு காலாள் சண்டை. உங்கள் காலாள் முதல் நகர்விலேயே இரண்டு கட்டம் பாய்ந்து பிள்ளையின் காலாளுக்குப் பக்கத்தில் நின்றால், அது ஒரு கட்டம் மட்டும் நகர்ந்ததாகக் கணக்கெடுத்துப் பிள்ளை அடுத்த நகர்விலேயே வெட்டலாம். "இது நீ இப்ப கண்டுபிடிச்ச சட்டம்" என்று தகப்பன் சொல்வார். இல்லை, உலகச் சதுரங்கச் சம்மேளனத்தின் சட்டம் அது. ஊரில் பெரியவர்கள் விளையாடிய பழைய முறையில் காலாளுக்கு இரண்டு கட்டப் பாய்ச்சலே இருக்கவில்லை. அரசன் ஒருதரம் குதிரைபோலப் பாயலாம். ஆகவே தாத்தாவுக்கும் பேரப்பிள்ளைக்கும் சண்டை வந்தால் இருவரும் சரியாக இருக்கக்கூடும்.

ஆட்டத்தின் முதல் நகர்த்தலுக்கு ஒவ்வொருவருக்கும் இருபது வழிகள் உண்டு. காலாள்களுக்குப் பதினாறு, குதிரைகளுக்கு நான்கு. இருவரும் ஒருதரம் நகர்த்தி முடிக்கும்போதே 400 விதமான நிலைகள் வரலாம். அதற்குமேல் கணக்கு வேகமாகப் பெருகும். ஐம்பது வருடம் விளையாடினாலும் முடியாத ஒன்று வீட்டு மேசையில் கிடக்கிறது என்பதை உணரும்போது, பிள்ளை நித்திரையான பிறகும் தகப்பன் பலகைக்கு முன்னால் இருப்பார்.

போரைப் பார்த்தவர்களுக்குப் போர் விளையாட்டா?

"எத்தினை சண்டையைப் பாத்திட்டம், இனிப் பலகையிலயும் சண்டையோ?" என்று முகம் சுழிக்கும் பெற்றோரும் இருக்கிறார்கள். அவர்களுடைய மனத்தை மதிக்க வேண்டும். சதுரங்கம் என்ற பெயரே யானை, குதிரை, தேர், காலாள் என்ற நால்வகைப் படையைக் குறிப்பது. ஏறத்தாழ ஆறாம் நூற்றாண்டளவில் வட இந்தியாவில் தோன்றி, பாரசீகம் வழியாக அரபு நாடுகளுக்கும் ஐரோப்பாவுக்கும் போனது. தமிழ்நாட்டில் மன்னார்குடிக்குப் பக்கத்திலுள்ள திருப்பூவனூர்க் கோயிலில் சிவபெருமானுக்குச் சதுரங்க வல்லபநாதர் என்று பெயர். சதுரங்கத்தில் யாராலும் வெல்ல முடியாத ஓர் அரசன் மகளை, இறைவன் சித்தராக வந்து ஆடி வென்றார் என்பது தலபுராணம்.

ஆனால் பலகையில் நடப்பது, எங்களுக்குத் தெரிந்த போரைப்போல இல்லை. இரண்டு பக்கமும் பதினாறு காய்கள், ஒரே பலம். எதுவும் மறைவாக இல்லை. எதிராளியிடம் என்ன இருக்கிறது என்பது முழுவதும் கண்ணுக்கு முன்னால். ஒருவர் நகர்த்தினால் மற்றவர் யோசிக்கும்வரை காத்திருக்க வேண்டும். மேலேயிருந்து எதுவும் விழாது. தாயக்கட்டையின் அதிர்ஷ்டம்கூட இல்லை. நடந்ததற்கெல்லாம் தேடினால் ஒரு காரணம் கிடைக்கும். காரணமே விளங்காத இழப்புகளோடு வாழ்கிறவருக்கு, ஒரு மணித்தியாலம் அப்படி ஓர் இடத்தில் இருப்பது ஆறுதலாக இருக்கலாம்.

இரண்டாவது ஆறுதல் பேச்சு சம்பந்தப்பட்டது. எங்கள் பல வீடுகளில் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில் ஒரு மௌனம் இருக்கிறது. சொல்ல முடியாதவை இருக்கின்றன, கேட்கப் பயப்படும் கேள்விகளும் இருக்கின்றன. மிஞ்சுவது "சாப்பிட்டியா, படிச்சியா" என்ற இரண்டு கேள்விகள். பலகைக்கு முன்னால் இருக்கும்போது பேசாமல் இருப்பது இயல்பான விடயம். அந்த மௌனத்தில் கோபமும் இல்லை, பயமும் இல்லை. இருவரும் ஒன்றையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இடையில் வரும் பேச்சும் வேறு மாதிரி இருக்கும். "அப்பா, அவசரப்படாதேங்கோ, யோசிச்சு வையுங்கோ" என்று பிள்ளை சொல்லும்போது, வீட்டின் மேல் கீழ் ஒரு நிமிடம் சமமாகிறது.

போரின் நடுவிலிருந்து சதுரங்கத்தைப் பிடித்துக்கொண்ட ஒருவர், ஆர்மீனியரான திக்ரான் பெட்ரோசியான். 1929இல் ஜோர்ஜியாவின் திபிலிசியில் பிறந்தவர். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் தாயையும் தகப்பனையும் இழந்து, வீதி கூட்டிப் பிழைத்தார். அந்த வறுமைக்குள்ளும் சதுரங்கப் புத்தகம் வாங்கிப் படித்தார். 1963இல் உலகச் சம்பியனானார். இழப்பைக் கண்டவர் என்பதாலோ என்னவோ, தன் அரசனுக்கு ஆபத்து வருவதற்கு நெடுநேரம் முன்னரே அதைத் தடுத்துவிடும் ஆட்டம் அவருடையது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். சதுரங்கம் மருந்து அல்ல. இரவில் நித்திரை இல்லாதவர்கள், பழைய காட்சிகள் திரும்பத் திரும்ப வந்து வதைக்கிறவர்கள், வாழ்வில் பிடிப்பே அற்றுப்போனவர்கள், வைத்தியசாலையின் உளநலப் பிரிவை நாட வேண்டும். தேசிய மனநல உதவிக்கு 1926 என்ற இலக்கத்தை அழைக்கலாம். பலகை அந்த உதவிக்குப் பக்கத்தில் இருக்கட்டும், அதற்குப் பதிலாக வேண்டாம்.

கண் இழந்தவரும் விளையாடலாம்

போரில் பார்வையையோ கையையோ காலையோ இழந்த பெற்றோர், பிள்ளையோடு பந்து விளையாட முடியாமல் ஒதுங்கி நிற்பது எங்கள் ஊர்களில் புதிய காட்சி அல்ல. சதுரங்கத்தில் அவர்கள் ஒதுங்கத் தேவையில்லை.

பார்வையற்றவர்களுக்கான பலகையில் கறுப்புக் கட்டங்கள் சற்று உயர்ந்திருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு துளை உண்டு. காயின் அடியிலுள்ள முளை அதில் பொருந்துவதால் விரலால் தடவிப் பார்க்கும்போது காய் விழாது. கறுப்புக் காய்களில் தனி அடையாளம் இருக்கும். பார்வையற்றவர் தன் பலகையைத் தொட்டு விளையாட, எதிராளி தன் பலகையில் விளையாடுவார். இருவரும் நகர்த்தல்களை வாயால் சொல்வார்கள். கை அசைக்க முடியாதவருக்காக இன்னொருவர் காயை நகர்த்தலாம். சர்வதேசச் சட்டங்களிலேயே இவற்றுக்கு இடம் உண்டு. மாற்றுத்திறனாளிகளுக்கென்று முதலாவது சதுரங்க ஒலிம்பியாட் 2023இல் சேர்பியாவின் பெல்கிரேட்டில் நடந்தது. ஊரிலுள்ள தச்சுத் தொழிலாளி ஒருவரால் இப்படிப்பட்ட பலகையைச் செய்ய முடியும்.

இதையும் ரியூசனாக்க வேண்டாம்

இப்போது ஆபத்தான இடத்துக்கு வருகிறோம். பிள்ளை நன்றாக விளையாடுகிறது என்று தெரிந்ததும் எங்கள் மனம் கணக்குப் போடத் தொடங்கும். புலமைப்பரிசில், சாதாரண தரம், உயர்தரம் என்ற வரிசையில் சதுரங்கமும் ஒரு பாடமாகிவிடும்.

சதுரங்கம் படித்தால் கணிதம் வரும் என்று பலர் சொல்வார்கள். இங்கிலாந்தில் 100 ஆரம்பப் பாடசாலைகளில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். சில பாடசாலைகளில் ஒரு வருடம் சதுரங்க வகுப்பு நடத்தி, நடத்தாத பாடசாலைகளோடு ஒப்பிட்டார்கள். வகுப்பு முடிந்து ஒரு வருடத்தின் பின் கணிதப் புள்ளிகளில் வித்தியாசம் தெரியவில்லை என்று 2016இல் முடிவு வந்தது. ஆர்மீனியாவில் 2011 முதல் ஆரம்ப வகுப்புகளில் சதுரங்கம் கட்டாய பாடம். அது அந்த நாட்டின் சதுரங்கப் பற்றிலிருந்து வந்தது. விளையாட்டை விளையாட்டுக்காகவே நேசிக்கலாம். வேறு நியாயம் தேவையில்லை.

இன்னொரு பக்கம், சென்னைப் பிள்ளைகளின் வெற்றிகள். 2024 டிசெம்பர் 12ஆம் திகதி சிங்கப்பூரில் சீனாவின் டிங் லிரெனை வென்று, 18 வயதில் உலகச் சம்பியனானார் குகேஷ். காது மூக்கு தொண்டை வைத்தியரான அவருடைய தகப்பன், மகனோடு நாடு நாடாகப் போவதற்காகத் தன் தொழிலையே ஒதுக்கி வைத்தார். வைஷாலி, பிரக்ஞானந்தா என்ற அக்காவும் தம்பியும் இருவருமே கிராண்ட்மாஸ்டர்கள். வைஷாலி தொலைக்காட்சி பார்ப்பதைக் குறைக்கத்தான் சதுரங்க வகுப்பில் சேர்த்தார்கள். தம்பி அக்காவைப் பார்த்துப் பழகினான். தாயார் நாகலட்சுமி, போட்டிக்குப் போகும் நாடுகளுக்கெல்லாம் சமையல் பாத்திரங்களைக் கொண்டுபோய்ப் பிள்ளைக்குச் சோறும் ரசமும் ஆக்கிக் கொடுத்தவர்.

இந்தத் தியாகங்கள் பெரியவை. ஆனால் சதுரங்கம் பழகும் பிள்ளைகளில் மிகச் சிலரே அந்த இடத்துக்குப் போவார்கள். மற்ற எல்லோருக்கும் மிஞ்சக்கூடியது விளையாட்டின் சந்தோஷம் மட்டும்தான். அதையும் நாங்கள் பறித்துவிட்டால் ஒன்றும் இல்லை.

தானும் விளையாடும் பெற்றோருக்கு இதில் ஒரு காவல் கிடைக்கிறது. மூன்று மணித்தியாலம் யோசித்து, கடைசியில் ஒரு கவனக்குறைவால் எல்லாவற்றையும் இழப்பது எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். ஆகவே மண்டபத்திலிருந்து வெளியே வரும் பிள்ளையிடம் "வென்றியா?" என்று முதலில் கேட்க மாட்டார். தண்ணீரைக் கொடுப்பார். பிறகு, "எங்க பிழைச்சது, காட்டு பாப்பம்" என்பார்.

தொடங்குவது எப்படி?

முதல் விதி: பிள்ளையை ஆசிரியராக இருக்க விடுங்கள். உங்களுக்குத் தெரிந்ததையும் தெரியாததுபோலக் கேளுங்கள். சொல்லிக்கொடுக்கும் பிள்ளை தான் படித்ததை இன்னும் ஆழமாக விளங்கிக்கொள்ளும்.

பலகையை வைக்கும்போது இருவருக்கும் வலது கைப்பக்க மூலையில் வெள்ளைக் கட்டம் வர வேண்டும். முதல் சில நாட்கள் எல்லாக் காய்களையும் வைக்க வேண்டாம். காலாள்களையும் அரசனையும் மட்டும் வைத்து, யாருடைய காலாள் மறுகரைக்குப் போகிறது என்று விளையாடுங்கள். பிறகு குதிரையைச் சேருங்கள். இரண்டு கிழமையில் எல்லாக் காயும் வந்துவிடும்.

பலம் ஒத்துவராவிட்டால், வேண்டுமென்று தோற்காதீர்கள். பிள்ளைகள் அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள். பலமானவர் தன் அரசியையோ கோட்டையையோ எடுத்து வைத்துவிட்டுத் தொடங்கலாம். இது நூற்றாண்டுகளாக உள்ள வழக்கம். கொஞ்ச நாளில் அந்தச் சலுகை உங்களுக்குத் தேவைப்படும். அப்போது வெட்கப்படாமல் கேளுங்கள்.

தொட்ட காயைத்தான் நகர்த்த வேண்டும் என்பது போட்டிச் சட்டம். வீட்டில் அதைப் பின்பற்றுவதா இல்லையா என்று முன்கூட்டியே பேசி முடிவெடுங்கள். அரைவாசிச் சண்டை அங்கேதான் வரும்.

போனில் விளையாடுவதென்றால் லிசெஸ் என்ற தளம் முற்றிலும் இலவசம், விளம்பரமும் இல்லை. ஆனால் மூன்று நிமிட ஆட்டங்கள் கையை வேகமாக்கும், யோசனையை வளர்க்காது. இருவரும் எதிரெதிரே இருக்கும் மரப்பலகையோ பிளாஸ்ரிக் பாயோ அதைவிட நல்லது.

பிள்ளையைப் போட்டிக்குக் கூட்டிப்போனால், பெரும்பாலான போட்டிகள் சுவிஸ் முறையில் நடக்கும். முதல் சுற்றில் தோற்றாலும் வெளியே போக வேண்டியதில்லை. தன்னளவு புள்ளி எடுத்தவரோடு அடுத்த சுற்று. வயதெல்லை இல்லாத திறந்த போட்டி என்றால், நீங்களும் பெயர் கொடுக்கலாம். மூத்தோருக்கான உலகப் போட்டிகளில் 50 வயதுக்கு மேல், 65 வயதுக்கு மேல் என்று தனிப் பிரிவுகளே இருக்கின்றன. தொடங்கப் பிந்திவிட்டது என்று சொல்ல இந்த விளையாட்டில் இடமில்லை.

அம்மாவின் முறை

இதுவரை அடிக்கடி "தகப்பன்" என்று எழுதினாலும், எங்கள் பகுதியில் பல வீடுகளில் பலகைக்கு மறுபக்கம் இருக்க வேண்டியவர் அம்மாதான். போருக்குப் பிறகு தனியாகக் குடும்பத்தைத் தாங்கும் பெண்களுக்கு விளையாட நேரம் எங்கே இருக்கிறது என்ற கேள்வி நியாயமானது. வேலையால் வந்து, சமைத்து, தண்ணீர் அள்ளி, பிள்ளையின் பாடம் பார்த்து முடிக்க இரவு ஒன்பது மணியாகிவிடும்.

அதனால்தான் பிள்ளை கூப்பிடும் அந்த இருபது நிமிடம் முக்கியமானது. அது அம்மா யாருக்கும் எதையும் செய்து கொடுக்காத இருபது நிமிடம். பழைய ஆட்டத்தில் அரசியின் இடத்தில் நின்ற காய் மூலைவாட்டில் ஒரு கட்டம் மட்டுமே நகரக்கூடியதாக இருந்தது. பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில் சட்டம் மாறி, அது பலகையிலேயே பலமான காயானது. இந்தக் கதையை மகளுக்குச் சொல்லும் அம்மா, மகளோடு சேர்ந்து தானும் படிக்கலாம்.

பலகை வாங்கக் காசு இல்லையென்றால், கொப்பித் தாளில் எட்டுக்கு எட்டாக அறுபத்துநான்கு கட்டம் கீறி, போத்தல் மூடிகளில் காய்களின் பெயரை எழுதிக்கொள்ளலாம். பிள்ளையிடம் இன்றிரவே கேளுங்கள்: "எனக்கும் உதைச் சொல்லித் தா." சொல்லித்தரும்போது பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். பிறகு பலகையைப் பாருங்கள். முதல் நகர்த்தலுக்கு இருபது வழிகள் இருக்கின்றன.